கணக்குப் புத்தகத்தில் வராத நட்டம்

சென்ற தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எனது பழைய கணித ஆசிரியரைப் பார்க்கப் போயிருந்தேன். குளுக்கோமா நோய் ஐம்பத்தைந்து வயதளவில் அவரது பார்வையை முழுமையாகப் பறித்துவிட்டது. ஆயினும் கைத்தொலைபேசியை அவர் கையாளும் வேகம் எனக்குக் கிடையாது. விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டு வாசிக்கும் டோக்பேக் என்னும் திரைவாசிப்பானின் துணையோடு அவர் பத்திரிகை படிப்பார், வங்கி மீதியைப் பார்ப்பார், பேரனுக்கு வட்ஸ்அப்பில் கணக்குப் புதிர் அனுப்புவார். அன்று மகளுக்கு ஒரு பட்டுச்சேலை எடுக்க வேண்டும் என்று சொல்லி, வெள்ளவத்தையில் உள்ள ஒரு புடவைக்கடையின் இணையத்தளத்தைத் திறந்தார். அந்தத் தளத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கட்டிக்கொடுத்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் அப்போது வாய் திறக்கவில்லை.

அவர் விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ளத் தொலைபேசி வாசித்தது: "ஐஎம்ஜி, இரண்டு, பூச்சியம், நான்கு, ஏழு, படம்." மறுபடி தள்ளினார்: "ஐஎம்ஜி, இரண்டு, பூச்சியம், நான்கு, எட்டு, படம்." கடைப் பையன் கமராவில் இருந்து அப்படியே ஏற்றிவிட்ட கோப்புகளின் பெயர்கள் அவை. ஐந்தாறு சேலைகளைக் கடந்து ஒன்றைத் திறந்தபோது விலை வந்தது: "பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, ஸ்லாஷ், ஈக்குவல்ஸ்." விலைக்குப் பின்னால் நாங்கள் பழக்கதோஷத்தில் போடும் சாய்கோடும் சமன்குறியும்தான் அது. சேர் சிரித்துவிட்டு, "சமன் போட்டிருக்கினம், விடையைக் காணேல்லை" என்றார். நிறத்தைத் தெரிவு செய்யும் இடத்தில் ஐந்து வட்டங்கள் இருந்தன. ஐந்தையும் தொலைபேசி ஒரே குரலில் "பெயரில்லாத பொத்தான்" என்றே அறிவித்தது. எதையோ ஒன்றைத் தொட்டுவிட்டு, சேலையைக் கூடையில் சேர்க்கும் பொத்தானைத் தேடத் தொடங்கினார். கண்ணுக்குப் பொத்தானாகத் தெரியும்படி நிறம் பூசி, விளிம்பு வளைத்து, நிழலும் விழுத்தி நான் அழகுபடுத்தியிருந்த அந்த இடம், உள்ளே பொத்தானென்று அடையாளப்படுத்தப்படாத வெறும் பெட்டியாகவே இருந்தது. அதிலிருந்த சொற்கள் வாசிக்கப்பட்டபோது, அதுவும் ஏதோ விளம்பர வாசகம் என்று எண்ணி அவர் கடந்து போய்விட்டார்.

ஒன்பது நிமிடம் போயிருக்கும். "சரி, விடும்" என்றவர், புறக்கோட்டைப் பிரதான வீதியில் தமக்குப் பழக்கமான இன்னொரு கடைக்கு அழைப்பெடுத்தார். மறுமுனையில் இருந்த பெண்பிள்ளை சேலைகளை ஒவ்வொன்றாக வாயால் விபரித்தார். சேர் இரண்டு சேலை எடுத்தார்: ஒன்று மகளுக்கு, மற்றது மருமகளுக்கு.

அன்றிரவு வெள்ளவத்தைக் கடைத் தளத்தின் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஒன்பது நிமிடம் தங்கி, இரண்டு பக்கம் பார்த்து, ஒன்றும் வாங்காமல் வெளியேறிய ஒரு கைத்தொலைபேசி அங்கே பதிவாகியிருந்தது. அதைப் பார்க்கும் எவரும், ஆர்வத்தோடு வந்தவருக்கு விலை கட்டுப்படியாகவில்லை போலும் என்றே முடிவு செய்வர். காசோடு வந்த ஒருவரை நாங்களே வாசலில் மறித்தோம் என்பதைக் காட்டும் நிரல் அந்தப் பதிவில் கிடையாது. கடைக்குள் ஒரு சேலை களவு போனால் ஆண்டிறுதி இருப்பெடுப்பில் தெரிந்துவிடும். வாங்க முடியாமல் திரும்பியவரின் காசு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அவர் முறைப்பாடு செய்வதும் அரிது. முறைப்பாட்டுப் படிவமும் அதே தளத்தில், அதே பெயரில்லாத பொத்தான்களோடுதான் இருக்கிறது.

மறுநாள் கடைக்குப் போய் முதலாளியிடம் விடயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், தருமத்துக்குக் கொடுக்க ஒருபோதும் பின்னிற்காதவர். ஆனால் கடைச் செலவென்றால் அவருக்கு வேறு மூளை. "எங்கட கடையில கண் தெரியாத ஆக்கள் எத்தினை பேர், தம்பி, ஓன்லைனில வாங்கீனம்?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். "அப்ப ஏன் செலவழிப்பான்?" மேல்மாடிக்குப் படி கட்டாமல் விட்டுவிட்டு, மேலே ஒருவரும் வருவதில்லை, ஆகவே படி தேவையில்லை என்று சொல்வதைப் போன்றதே இந்தக் கேள்வி. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, இணங்கவுமில்லை. "ஆக்கள் எத்தினை பேர் எண்டு காட்டும்" என்றார்.

ஆட்களைக் காட்டுவது கடினமான வேலையாக இருக்கவில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், பார்வை, கேள்வி, நடை, ஞாபகம், தொடர்பாடல் முதலியவற்றில் ஏதோ ஒரு சிரமத்தோடு வாழ்கின்றனர். அவர்களுள் பார்வைச் சிரமம் உள்ளவர்களே மிகுதி. அதே மதிப்பீட்டில் அறுபது வயதைத் தாண்டியோர் 12.4 சதவீதம், அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகிறது. உலக அளவில் 130 கோடிப் பேர், ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உலகளாவிய வாங்கும் சக்தி இத்தனை இலட்சம் கோடி டொலர் என்று பறைசாற்றும் அறிக்கைகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் எந்த முதலாளியிடமும் காட்டுவதில்லை. வெள்ளவத்தையில் சேலை விற்பவருக்கு அந்தக் கோடிகளில் இருந்து ஒரு ரூபாயேனும் எந்த வழியாக வந்து சேரும் என்பதை அவை சொல்வதில்லை.

அதற்குப் பதிலாக அவரிடம் வேறொன்றைக் கேட்டேன்: "உங்கட ஓன்லைன் சாறிக்கு ஆர் காசு கட்டீனம், அண்ணை?" கடந்த ஆண்டுக் கட்டளைகளை இருவருமாக இருந்து புரட்டிப் பார்த்தோம். சேலை போய்ச் சேரும் முகவரிகள் கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்றிருந்தன. பணம் வந்த அட்டைகளோ பெரும்பாலும் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் முகவரிகளைக் கொண்டவை. எண்பதுகளில் ஊரை விட்டுப் போனவர்கள் இன்று அறுபத்தைந்தையும் எழுபதையும் தொட்டுவிட்டார்கள். பெறாமகளின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை வாங்கிக் கொடுப்பவரும், தங்கச்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்குப் பட்டு அனுப்புபவரும் அவர்களே. அவர்களில் சிலருக்குக் கற்றராக், சிலருக்கு நீரிழிவு கண்ணைத் தொட்டுவிட்டது, சிலருக்குக் கை நடுங்குகிறது. தம்மை மாற்றுத்திறனாளி என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லிக்கொள்ளமாட்டார், எந்தக் குடிசன மதிப்பீட்டுப் படிவத்திலும் அப்படி எழுதவுமாட்டார். சின்ன எழுத்து தெரியாவிட்டால் "பிறகு பாப்பம்" என்று தொலைபேசியை வைத்துவிடுவார்கள். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை. பிரித்தானியாவில் இந்த 'வைத்துவிடும்' பழக்கத்தையே குறிவைத்து நடத்தப்பட்ட 'கிளிக்-அவே பவுண்ட்' என்ற ஆய்வு, பயன்படுத்தக் கடினமான தளங்களைக் கைவிட்டு மாற்றுத்திறனாளிகள் வேறிடத்துக்குக் கொண்டுபோன தொகையை 2019 இல் 1,710 கோடி பவுண் என்று மதிப்பிட்டது. அந்தக் காசு செலவழிக்கப்படாமல் போகவில்லை. அடுத்த கடைக்குப் போயிற்று, எங்கள் சேரின் காசு பிரதான வீதிக்குப் போனதைப் போல.

முதலாளி அட்டை முகவரிகளை இரண்டாம் முறை புரட்டிவிட்டு, "சரி, செய்யும்" என்றார்.

நான் முதலில் கைவைத்தது படங்களில். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், அதை விபரிக்கும் ஒரு வரியை எழுதிவைக்க முடியும். மாற்றுரை என்று அதைச் சொல்கிறோம். திரைவாசிப்பான் கோப்பின் பெயருக்குப் பதிலாக அந்த வரியை வாசிக்கும். முந்நூற்றுச் சொச்சம் சேலைகளுக்கு அந்த வரியை யார் எழுதுவது? நான் எழுதிப் பார்த்த முதல் பத்தும் "சிவப்புப் பட்டுச்சேலை", "நீலப் பட்டுச்சேலை" என்று ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போல வந்தன. அந்தக் கடையில் நாற்பது ஆண்டுகளாகச் சேலை விரிக்கும் அண்ணர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிறு பிற்பகல் கூட்டம் குறைந்த நேரத்தில் அவரைப் பிடித்து இருத்தி, ஒவ்வொரு சேலையாக விரித்து, பார்வையற்ற ஒருவருக்குச் சொல்வதைப் போலச் சொல்லும்படி கேட்டு, தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தேன். "இது அரக்கு. கத்தரிப்பூப் பக்கம் போகாத, நல்ல அடர்த்தியான அரக்கு. கரை மாம்பழ மஞ்சள், நாலு விரல் அகலம். உடம்பு முழுக்கச் சின்னப் புட்டா. முந்தியில மயில், கிட்டக் கிட்ட. பாரம் இல்லை, வயசான ஆக்களும் கட்டலாம்." அடுத்ததைத் தூக்கி யன்னல் பக்கம் திருப்பினார்: "இது மயில்கழுத்து. வெளிச்சம் விழேக்க ஊதா, மடிச்சால் பச்சை. போட்டோவில இது வராது."

அவரது கடைசி வசனம் என்னை அங்கேயே நிறுத்தியது. போட்டோவில் வராத நிறத்தைக் கண் நன்றாகத் தெரிந்த வாடிக்கையாளர்தான் எப்படி அறிவார்? அந்தக் கடைக்கு இணையவழியில் வந்த திருப்பியனுப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு எழுதப்பட்டிருந்த காரணம் "நிறம் வேறு" என்பதே. அண்ணரின் சொற்களை மாற்றுரையில் மட்டும் மறைத்து வைக்காமல், படத்துக்குக் கீழே எல்லோரும் வாசிக்கும் விபரமாகவும் இட்டேன். திருப்பியனுப்பல்கள் குறைந்தன. கூடவே, எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. "மயில்கழுத்து நிறப் பட்டு", "அரக்கு மாம்பழக் கரை" என்று கூகிளில் தேடியவர்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். கலியாண வீட்டுப் பெண்கள் சேலையைத் தேடுவது அண்ணரின் மொழியில்தான். தளம் அதுவரை பேசியதோ கமராவின் மொழி.

இதில் வியப்பதற்கு அதிகமில்லை. பக்கம் பக்கமாகச் சென்று படித்துவரும் தேடுபொறியின் ஊர்தி நிரல் படத்தைப் பார்த்து ஊகிக்க இப்போது ஓரளவு பழகியிருந்தாலும், இன்றைக்கும் அது நம்பி நடப்பது எழுத்தை. தலைப்பு தலைப்பென்றும், பொத்தான் பொத்தானென்றும், பட்டியல் பட்டியலென்றும் உள்ளே ஒழுங்காக அடையாளப்படுத்தப்பட்ட பக்கத்தில் சேரின் திரைவாசிப்பான் எப்படி வழி கண்டுபிடிக்கிறதோ அப்படியே ஊர்தியும் கண்டுபிடிக்கிறது. பிரித்தானியக் காப்புறுதி நிறுவனமான லீகல் அண்ட் ஜெனரல் தனது தளத்தை அணுகல்தன்மையோடு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடியதாக, மீளக் கட்டியபோது, தேடுபொறி வழியே வந்தோரின் தொகை ஒரே நாளில் 25 சதவீதத்தால் கூடி, பின்னர் 50 சதவீதம் வரை சென்றதை வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பதிவு செய்திருக்கிறது.

தமிழ்த் தளங்களுக்கு இங்கே ஒரு தனித் துயரம் உண்டு. எங்கள் நாட்டுக் கடைகளும் சங்கங்களும் பாடசாலைகளும் இன்றும் பாமினி எழுத்துருவை விட்டபாடில்லை. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். ஆகவே திரைவாசிப்பான் அந்தச் சொல்லை "ஜே-கே-பி-ஓ-செமிகோலன்" என்றே வாசிக்கிறது, கூகிளும் அப்படியே நினைத்துக்கொள்கிறது. அந்தக் கடையின் 'எங்களைப் பற்றி' பக்கம் முழுவதும் பாமினியில் இருந்து படமாக்கி ஒட்டப்பட்டிருந்தது. மூன்று தலைமுறைக் கடை, நாற்பதுகளில் செட்டியார் தெருவுக்குப் பக்கத்தில் சிறு பெட்டிக்கடையாகத் தொடங்கியது, எண்பத்து மூன்றில் எரிந்து மறுபடி எழுந்தது என்ற கதையெல்லாம் உலகத்தில் எந்த இயந்திரத்துக்கும் தெரியாத இரகசியமாகவே மூன்று ஆண்டுகள் இருந்திருக்கிறது. அதை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே ஒரு குறிப்பும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் கணினியில் ஆங்கிலக் குரலே தமிழை வாசிக்க முனைந்து, எழுத்துகளை விழுங்கிவிடுகிறது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் எங்கள் நாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் மொழியைக் குறித்து வைப்பது, சந்திப் பெயர்ப்பலகையை மூன்று மொழியில் எழுதுவதைப் போலச் சாதாரண காரியமாக வேண்டும்.

அடுத்தது நிறம். டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் வலை அணுகல்தன்மை நெறிகளின் நடுத்தர மட்டம், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. முதற் பதிப்பு 1999 இல் வந்தது, இப்போது புழக்கத்தில் உள்ள 2.2 பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. கடையின் விலைகள் வெள்ளையில் தங்க நிறத்தில் இருந்தன, அளந்தபோது 2.1க்கு 1 வந்தது. முதலாளிக்குத் தங்கம் மங்களம். அவரைக் காலி வீதிக்கு அழைத்துப் போய், உச்சி வெயிலில் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி அவரது தொலைபேசியிலேயே விலையை வாசிக்கச் சொன்னேன். கையால் நிழல் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். விலை அடர் குங்கும நிறமாயிற்று. தங்கம் கடைப் பெயரோடு நின்றுகொண்டது. வெப்எய்ம் என்னும் அமைப்பு ஆண்டுதோறும் உலகின் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் பிழைகள் இருந்தன. ஒளி வேறுபாடு குறைந்த எழுத்து மட்டும் 79.1 சதவீதமான பக்கங்களில் இருந்தது. ஊரெல்லாம் இதே பிழையைச் செய்துகொண்டிருக்கையில் திருத்திக்கொள்ளும் கடை எவ்வளவு முந்துகிறது என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

காசு கட்டும் பக்கத்தில் சிக்கல் வேறு விதமானது. பெயர், முகவரி, தொலைபேசி என்ற பெட்டிகளுக்குள் மங்கலாக எழுதிவைத்திருந்த குறிப்புகள், தட்டத் தொடங்கியவுடன் மறைந்துவிட்டன; ஞாபகம் பிசகும் வயதில் உள்ளவர்களுக்கு அது போதும் குழம்புவதற்கு. பெட்டிக்கு மேலே நிலையான பெயர் இட்டேன். ஏதாவது பிழைத்தால் பெட்டியின் விளிம்பு சிவப்பாகும், அவ்வளவுதான். என்ன பிழையென்று சொற்களில் சொல்லும் வழக்கம் தளத்தில் இருக்கவில்லை. அதையும் திருத்தினேன். குறுந்தகவலில் வரும் ஒருமுறைக் கடவெண்ணைத் தட்டுவதற்குத் தரப்படும் நேரமோ என் கையில் இல்லை, அது வங்கியின் கையில். திரைவாசிப்பானோடு குறுந்தகவலுக்குப் போய், இலக்கங்களைக் கேட்டு மனதில் இருத்தி, திரும்பி வந்து தட்டுவதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. கால எல்லையை நீடிக்க வழி இருக்க வேண்டும் என்பதும், எண்ணை ஒட்டுவதைத் தடுக்கக்கூடாது என்பதும் நெறிகளில் தெளிவாகவே இருக்கின்றன. வங்கிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதுக்குக் கிடைத்தது என்ற பதில் வந்தது, இரண்டாவதுக்கு அதுவும் இல்லை. அதுவரைக்கும், பொதி கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையை முதற் தெரிவாக மேலே ஏற்றி வைத்தோம்.

காணொளிகளுக்கு எழுத்து வரி சேர்த்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செவிப்புலனற்றோருக்காகச் செய்தது, அலுவலகத்திலும் பஸ்ஸிலும் ஒலியை மூடிவிட்டுப் பார்ப்பவர்கள் அனைவரும் வாசித்தார்கள்.

செலவு எவ்வளவு என்று கேட்காமல் இவ்வளவு தூரம் வாசித்து வந்த கடைக்காரர் எவரும் இருக்கமாட்டார். எனக்கு மூன்று கிழமை வேலை. இதையே மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், கட்டும்போதே செய்திருந்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் போயிருக்காது. வாசலில் சரிவுப் பாதையை அத்திவாரத்தோடு போடுவதற்கும் கட்டிமுடித்த பின்னர் படியை உடைத்துப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. முதல் முறை தளத்தைக் கட்டியபோது என் அறியாமைக்கு முதலாளி பணம் கட்டினார் என்பதை மறைக்காமல் சொல்லி, கூலியில் பாதியைக் கழித்தேன். பிரித்தானியப் பேரங்காடியான டெஸ்கோ 2001 இல் 35,000 பவுண் செலவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கென எளிய மளிகைத் தளம் ஒன்றை அமைத்து, அதன் வழியே ஆண்டுக்கு 1.3 கோடி பவுணுக்கு மேல் வியாபாரம் பார்த்ததென்பது இத்துறையில் அடிக்கடி சொல்லப்படும் கதை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனித் தளம் என்ற வழியை இன்று எவரும் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் தனித் தளம் விரைவில் கவனிப்பாரற்றுப் போகும். என்றாலும் பெரிய கடைக்காரர்கள் இதைக் கணக்குப் பார்த்தே செய்தார்கள் என்பதற்கு அது சாட்சி. இன்னொரு பக்கம், ஒரே ஒரு வரியைத் தளத்தில் சேர்த்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று மின்னஞ்சலில் கூவி விற்பவர்களும் இருக்கிறார்கள். முதலாளிக்கும் அப்படி ஒன்று வந்தது. மாதச் சந்தா என்னுடைய கூலியைவிட மலிவு. அத்தகைய கருவி விற்ற ஒரு நிறுவனம் ஏமாற்று விளம்பரம் செய்தது என்பதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 இல் அதனிடம் 10 இலட்சம் டொலர் அறவிட்டது என்ற செய்தியைக் காட்டிய பின்னரே அவர் அந்த மின்னஞ்சலை அழித்தார்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குப் பிடித்தமான வழி அன்று. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இல் 28 ஆம் இலக்கமாக நிறைவேறியது. 2006 ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களைப் பற்றிப் பேசின. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை நாடு 2016 இல் ஏற்புறுதி செய்தது. தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகக்கூடியதாக்க வேண்டும் என்று அதன் ஒன்பதாம் உறுப்புரை சொல்கிறது. ஆனாலும் ஒரு புடவைக்கடையின் இணையத்தளத்துக்காகப் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு வரும் என்று சொன்னால் முதலாளி சிரிப்பார், அவர் சிரிப்பதில் நியாயமும் உண்டு. வெளியுலகில் நிலை அப்படியில்லை. சிட்னி ஒலிம்பிக் தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று பார்வையற்ற புரூஸ் மகுவயர் முறையிட்டதில் ஏற்பாட்டுக் குழு 2000 ஆம் ஆண்டு 20,000 அவுஸ்திரேலிய டொலர் செலுத்த நேர்ந்தது. அமெரிக்காவில் டார்கெட் என்னும் பேரங்காடி நிறுவனம் இத்தகைய வழக்கொன்றில் 2008 இல் 60 இலட்சம் டொலருக்கு இணக்கம் கண்டது. பீட்சா வாங்க முடியாத பார்வையற்றவர் ஒருவர் தொடுத்த வழக்கைத் தடுக்க டொமினோஸ் செய்த மேன்முறையீட்டை, 2019 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

கொழும்புக்கு இதில் உண்மையான பங்கு இருப்பது வேறொரு வாசல் வழியாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்குள்ள நுகர்வோருக்கு இணையவழி வணிகம், வங்கிச் சேவை, பயணச்சீட்டு, மின்னூல் போன்றவற்றை வழங்குவோரை அது கட்டுப்படுத்துகிறது. பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியர்களும் 20 இலட்சம் யூரோவுக்கு மேற்படாத விற்பனையும் கொண்ட மிகச் சிறு சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அந்த வங்கிகளுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் எழுதும் பிள்ளைகளில் கணிசமானோர் கொள்ளுப்பிட்டியிலும் தெமட்டகொடையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியொரு கம்பனியில் வேலை செய்யும் என் மைத்துனர், ஜெர்மனிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன்னர் ஐரோப்பியத் தரமான ஈஎன் 301 549 இற்கு இணங்கும் அறிக்கையைக் கேட்டதையும், அதை எழுதத் தெரிந்தவர் முந்நூறு பேர் கொண்ட கம்பனியில் இருவரே இருந்ததையும் சொன்னார். அந்த இருவருக்கும் அந்த ஆண்டு சம்பளம் எப்படி ஏறியது என்பதையும் சற்றுப் பொறாமையோடு சொன்னார். பல்கலைக்கழகத்தில் இதைப் படிப்பிக்கும் ஒரு பாடத்தை நான் படித்திருந்தால் சேரின் முன்னால் அப்படி விழித்துக்கொண்டு இருந்திருக்கமாட்டேன்.

வேலை முடிந்ததும் மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தளத்தைக் கட்டியவன் நான்தான் என்று இம்முறை ஒப்புக்கொண்டேன். "தெரியும். அண்டைக்கு நீர் மூச்சு விடேல்லை" என்றார். பரிசோதித்துப் பிழை சொல்ல முடியுமா என்று கேட்டேன். "என்ன தருவீர்?" என்று அவர் கேட்டதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை, சும்மா உதவி என்று நினைத்துவிட்டேன். வெள்ளைப் பிரம்பைக் கண்டால் எங்களுக்குத் தருமம் நினைவுக்கு வருகிறதே தவிர, தொழிலாளர் நினைவுக்கு வருவதில்லை. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பேசி, முதலாளியிடம் பற்றுச்சீட்டோடு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் முப்பத்தேழு பிழைகளைச் சொல்லிப் பதிந்து அனுப்பினார், விடைத்தாள் திருத்துவதைப் போல ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு. அவற்றில் பதினொன்றை எந்தத் தானியங்கிப் பரிசோதனைக் கருவியும் எனக்குக் காட்டியிருக்கவில்லை. உதாரணத்துக்கு ஒன்று: 'வட்ஸ்அப்பில் கேளுங்கள்' என்ற மிதக்கும் பொத்தான், தொலைபேசியின் எழுத்தைப் பெருப்பித்தவுடன் காசு கட்டும் பொத்தானுக்கு மேலே போய்க் குந்திக்கொண்டது. எழுத்தைப் பெருப்பித்து வைத்திருக்கும் ரொறன்ரோ மாமிமார் எத்தனை பேர் அந்தக் கடைசி அடியில் திரும்பிப் போனார்களோ.

சித்திரை வருடப் பிறப்புக்குச் சேர் தம் காசில் ஒரு சேலை எடுத்தார், மயில்கழுத்து. திறந்ததில் இருந்து கட்டளை உறுதியாகும் வரை ஆறு நிமிடம். முடிந்தவுடன் எனக்கு அழைப்பெடுத்தார். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்குப் பொதி அனுப்ப 450 ரூபாயா, இதென்ன அநியாயம், முன்னர் இந்தத் தொகை கண்ணில் படவில்லை, இப்போது தெளிவாக வாசிக்கிறது என்றார். முதலாளியின் இலக்கத்தைக் கொடுத்தேன். இருவரும் இருபது நிமிடம் பேசியிருக்கிறார்கள். முதலாளி கடைசியில் 300 ரூபாவுக்கு இறங்கினாராம்.